எட்டாவது மாடியின் பாட்டு

கதவைத் திறந்ததும் லீலாவின் கண் டிவி மேல்தான் போனது. கோட்டையின் ஏழாவது மாடியில், வாயைப் பிளந்த முதலைக்கு எதிரே, குள்ளன் ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுகொண்டிருந்தான். டிவியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. புருஷன் தசரதனின் கோழிக்கிறுக்கல். 'முதல மட்டும்தான் பாக்கி. ஒரே உயிர்தான் கீது. நான் வர்ற வரைக்கும் தொடாத. எட்டாவது பாட்ட ரெண்டு பேரும் சேந்து கேப்போம்.'

அவளுக்கு மருந்து கம்பெனியில் காலை ஷிப்ட். அவனுக்கு ஸ்பிரிங் கம்பெனியில் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் முகம் பார்த்துப் பேசியதைவிட, பர்மா பஜாரில் வாங்கிய இந்த டிவி கேமை மாற்றி மாற்றி ஆடியதுதான் அதிகம். அவன் நிறுத்திவைத்த இடத்திலிருந்து அவள், அவள் நிறுத்திய இடத்திலிருந்து அவன். கரண்ட் போனால் எல்லாம் போச்சு, மறுபடி முதல் மாடி. ஸ்ரீபெரும்புதூர் கரண்ட்டை நம்பி ஏழு மாடி ஏறுவது என்ன லேசுப்பட்ட காரியமா? நாலு மாசமாயிற்று.

ஆட்டத்தைவிடப் பெரிய பைத்தியம் அதன் பாட்டுதான். மாடிக்கு ஒரு பாட்டு. ஊதுகிறவரும் கிடையாது, தட்டுகிறவரும் கிடையாது. கரண்ட்டே சந்தோஷம் தாங்காமல் குதிக்கிற மாதிரி இருக்கும். நாலாவது மாடிப் பாட்டுக்கு லீலா துடைப்பத்தோடு ஆடியிருக்கிறாள். தசரதன் டேப்ரிக்கார்டரை டிவி முன்னால் வைத்து ஏழு பாட்டையும் பிடித்துவிட்டான். நடுநடுவே குக்கர் விசிலும் தயிர்க்காரியின் குரலும் வரும். அதனால் என்ன? மிச்சம் எட்டாவது ஒன்றுதான்.

தொடாதே என்றால் தொடவில்லை. சாப்பிட்டாள், துணி மடித்தாள், குள்ளனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலரை மணிக்கு வீட்டுக்கார சுந்தராம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"லீலா, தண்ணி புடிச்சி வெச்சிக்கோ. அஞ்சி மணிக்கு கரண்ட்ட நிறுத்தறானாம். லைன் வேலை கீதாம், எப்ப வருமோ."

அவள் குள்ளனைத் திரும்பிப் பார்த்தாள். சும்மா இருந்தால் எல்லாம் போய்விடும், ஆனால் பழி கரண்ட் ஆபீஸ் மேல். ஆடித் தோற்றால் பழி முழுக்கத் தன் தலையில். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்டாட்டியாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம்தான். ஆனால் அவளுக்கு அந்தப் பாட்டு வேண்டும். உண்மையைச் சொன்னால், அவனுக்கு வேண்டியதைவிட ஒரு பிடி அதிகமாகவே வேண்டும்.

டேப்ரிக்கார்டரை டிவி பக்கத்தில் இழுத்துவைத்துப் பதிவுப் பட்டனை அழுத்தினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஆட்டத்தை ஓடவிட்டாள்.

முதலை நெருப்பைத் துப்பியது. குள்ளன் தாவினான். அது மூன்று தடவை துப்பிவிட்டு ஒரு நொடி மூச்சு வாங்கும் என்பதை அவள் கண்டுபிடிப்பதற்குள் குள்ளனின் தொப்பி போய்விட்டது. இனி ஒரு அடி பட்டால் முடிந்தது. கட்டைவிரல் மரத்துப்போனது. துப்பல், துப்பல், துப்பல், தாவு, குத்து. கடிகாரத்தைப் பார்க்கக்கூட பயம். மறுபடி மூன்று துப்பல், தாவு, குத்து. முதலை நெளிந்தது, மினுக்கியது, புள்ளி புள்ளியாக உதிர்ந்தது. கதவு திறந்தது. புதுசாக ஒரு பாட்டு வந்தது.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அரை நிமிஷம் இருக்குமா? படக்கென்று டிவி அணைந்தது, மின்விசிறி நின்றது, டேப்பும் நின்றது.

போட்டுக் கேட்கவில்லை. பதிவானதை முதலில் சேர்ந்துதான் கேட்பது, ஒப்பந்தத்தில் அந்தப் பாதியாவது மிஞ்சட்டும். முக்குக் கடையில் நாலு பேட்டரி வாங்கிப் போட்டுக்கொண்டு, டேப்ரிக்கார்டரைக் கக்கத்தில் இடுக்கி, ஸ்பிரிங் கம்பெனிக்கு நடந்தாள். ஓட்டம் என்றே சொல்லலாம். ஆறரை மணிக்கு டீ இடைவேளை.

வாட்ச்மேன் எல்லப்பன் பதறிப்போனார். "இன்னாம்மா, வூட்ல ஏதாச்சும்...?"

அவர் ஆள் அனுப்ப, தசரதன் கிரீஸ் கையோடு ஓடிவந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னா ஆச்சு லீலா? அம்மாவுக்கு ஏதாச்சுமா?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. முதலய கொன்னுட்டேன்."

கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். பட்டனை அழுத்தினாள். முதலையை அவள் ஏசிய ஏச்சு வரிசையாக வந்தது, எல்லப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கதவு திறக்கும் சத்தம். பாட்டின் முதல் இரண்டு துள்ளல். அதற்கு மேல் அவள் குரல்தான், தொண்டை கிழிய. "ஏங்க! எட்டு! எட்டுங்க! வாங்க, ஓடியாங்க, கேளுங்க!" டேப் முடிகிற வரைக்கும் அதே கூப்பாடு, அடியில் எங்கேயோ பாட்டு.

லீலாவுக்கு அழுகை முட்டியது. "கத்தனேன்னு எனக்கே தெர்லீங்க. பாட்ட கெடுத்துட்டேன்."

உள்ளே இடைவேளை முடிந்து சங்கு ஊதியது.

"யோவ் தசரதா, சூப்பர்வைசர் வரான்யா," என்றார் எல்லப்பன்.

தசரதன் கம்பிகளுக்கு நடுவே கையை நுழைத்தான். கிரீஸ் விரலால் டேப்பைப் பின்னால் ஓட்டி, அவள் கூப்பிட ஆரம்பிக்கிற இடத்தில் சரியாக நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, கன்னத்தைக் கம்பியில் வைத்துக்கொண்டான்.