சொட்டும் இடம்

அட்டையை வால்வுக்குக் கீழே பிடித்துக்கொண்டு அவள் லீவரை இழுத்தாள். பழைய டிராக்டரின் பின்னால் பூட்டியிருந்த, பள்ளம் தோண்டும் பக்கெட் முனகிக்கொண்டே மேலே எழுந்தது. அட்டையில் ஆயில் ஒரு சொட்டு விழுந்தது. வீட்டு வாசலிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, எத்தனை சொட்டுன்னு அண்ணன் கேக்குறாரு."

"நிமிஷத்துக்குப் பத்துன்னு சொல்லு."

இன்றோ நாளையோ என்று டாக்டர் நேற்றே கையை விரித்துவிட்டார். அவள் புருஷனுக்கோ காலையிலிருந்து வண்டிக் கவலைதான். இருபத்திரண்டு வருடமாக அதை ஓட்டுவது அவள், ரிப்பேர் பார்ப்பது அவர். பார்ப்பவர்கள் மாற்றித்தான் நினைப்பார்கள். "நான் ஓட்டுனா பள்ளம் கோணலாப் போகும்" என்பார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

விடிந்ததிலிருந்து நான்கு முறை அவளை வெளியே அனுப்பிவிட்டார். நட்டு தளர்ந்திருக்கிறதா பார், ஆயில் எவ்வளவு இருக்கிறது பார், எல்லாவற்றையும் துடைத்து வை. போய்ப் போய் வந்தாள். ஐந்தாவது முறை கட்டிலருகே உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பித்தார்.

"பக்கெட்டைத் தூக்கி வெச்சிட்டு இன்ஜினை நிறுத்து. சாக்பீஸால ஒரு கோடு போடு. அரைமணி நேரம் உக்காந்து பாரு, தானா இறங்குதான்னு."

எழுந்து வாசற்படி வரை போனவள் நின்றாள். அந்தச் சோதனை வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஒழுகும் வண்டிக்கு. இதுவோ கண்ணெதிரே சொட்டுகிறது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டான். அவருக்குப் புத்தி தடுமாறவும் இல்லை. சற்று முன்தான் தங்கை மாத்திரையை மாற்றிக் கொடுத்ததைக் கண்டுபிடித்துக் கிண்டல் செய்திருந்தார்.

திரும்பி வந்தாள்.

"ஏங்க, ஒழுகுற இடம் வேற, சொட்டுற இடம் வேறன்னு நீங்கதானே சொல்வீங்க. உண்மையைச் சொல்லுங்க. எதுக்கு என்னை வெளிய துரத்துறீங்க?"

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை இரண்டு தவணையாக இழுத்தார்.

"நீ பக்கத்துல உக்காந்து மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா, என்னால போக முடியல, டிரைவரம்மா."

நாத்தனார் தண்ணீர் நிறைந்திருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு, தண்ணீர் கொண்டுவருவதற்காக அடுப்படிக்குப் போனாள்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை வெளியே அனுப்பிவிட்டு நைசாகக் கழன்றுகொள்ளப் பார்க்கிறாரே. இந்த மனிதரைத் தனியாகப் போகவிட அவளால் முடியாது. ஆனால் எதையும் கேட்டுப் பழகாதவர், இந்த ஒன்றைக் கேட்கிறார். அதை மறுக்கவும் முடியவில்லை.

வெளியே போய் டிராக்டரைக் கிளப்பினாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, துணி காயும் கொடியை அறுத்து, அவர் தலைமாட்டு ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளிப் பின்பக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"உங்க மூஞ்சியைப் பாக்கமாட்டேன். வண்டியைத்தான் பாப்பேன். போதுமா?" என்றாள், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஜன்னலடி ரோஜாச்செடி?"

"செத்துப் போச்சு."

உள்ளே சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. அப்புறம், "பவுடர் போடு" என்றார்.

துடைத்த இடத்தில் பவுடர் தூவினால் ஈரம் முதலில் எங்கே கறுக்கிறது என்று தெரிந்துவிடும். இதனால்தான் அந்த வீட்டில் பவுடர் டப்பா ஒரு மாதம் தங்கியதில்லை. பூசிக்கொண்டு மினுக்கியது வண்டிதான். வால்வு, ஆயில் ஓடும் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றிலும் தாராளமாகக் கொட்டிவிட்டு லீவரை இழுத்தாள்.

"வால்வு காஞ்சிருக்குங்க" என்று இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"ஹோஸைப் பாரு. கையால தடவாத. அட்டையை வெச்சுப் பாரு, ஆயில் பீய்ச்சித் தோலைக் கிழிச்சிரும்."

வால்வுக்கு ஒரு சாண் மேலே, கிளாம்பு கவ்வியிருந்த இடத்தில் பவுடர் கறுத்தது. அங்கே ஊசி நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. ஆயில் அங்கிருந்து ஹோஸைப் பிடித்துக்கொண்டே இறங்கி, வால்வடியில் வந்து சொட்டியிருக்கிறது. படுக்கையில் விழும்வரை மூன்று மாதமாக அவர் வால்வைத்தான் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

பக்கெட்டைத் தரையில் இறக்கி இன்ஜினை நிறுத்தினாள்.

"வால்வு இல்லீங்க. ஹோஸ்தான். கிளாம்பு அரிச்சிருக்கு."

"நீ அப்பவே சொன்ன" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் அப்படி ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அழுத்தம் இறங்க லீவர்களை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு ஸ்பானரைப் போட்டாள். நட்டு அடம்பிடித்தது.

"புது ஹோஸ் எங்க வெச்சிருக்கீங்க?"

பதில் இல்லை.

அவள் இன்னொரு முறை கேட்கவில்லை. திரும்பவும் இல்லை. நட்டை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினாள். ஹோஸ் கையோடு வந்தது. மிச்சமிருந்த ஆயில் விரல்களின் மேல் வழிந்து மணிக்கட்டு வரை ஓடியது.

"அண்ணி" என்றாள் உள்ளேயிருந்து நாத்தனார். அவ்வளவுதான் சொன்னாள்.

உள்ளே போனாள். தினமும் குளிப்பாட்டித் துடைத்துத் துடைத்து, அவர் முகம் யாரோ ஆபீசர் முகம்போல வெளுத்துக் கிடந்தது. கன்னத்தைத் தடவினாள். காதோரத்திலிருந்து தாடை வரை கறுப்பாக ஒரு தீற்றல் விழுந்தது.

நாத்தனார் ஈரத்துணியை நீட்டினாள். அவள் அதை வாங்கித் தன் கையை மட்டும் துடைத்துக்கொண்டாள்.