தனியாக நிற்கிற பை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு பையை மதிக்கத் தெரியவில்லை. முன்பெல்லாம் கண்ணாஸ்பத்திரி வாசலில் விடியற்காலையில் பையை வரிசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். பை நின்றால் ஆள் நின்ற மாதிரி. பின்னால் இருப்பவன் அதைக் காலால் மெதுவாக முன்னே தள்ளிக்கொண்டே போவான். உதைக்க மாட்டான். இப்போது யாரை நம்புவது?

என் காக்கிப் பை எங்கள் பேட்டை மர்பி டவுன் முழுக்கத் தெரிந்த பை. நான் பெயின்ட் அடித்த வீடுகளின் கலரெல்லாம் அதன்மேல் இருக்கும். அதன் அடி பிய்ந்ததும் மருமகன் கவியரசன் அவன் கம்பெனியில் இனாமாகக் கொடுத்த கறுப்புப் பையைக் கொண்டுவந்து நீட்டினான். இனாமாக வருவதை நான் நம்புவதில்லை. ஆனாலும் போன புதன்கிழமை அதைத்தான் வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வரிசை முழுக்கக் கறுப்புப் பை. எல்லார் வீட்டிலும் ஒரு மருமகன் இருக்கிறான் போல. புரை விழுந்த கண்ணுக்கு எது நம்முடையது என்று எப்படித் தெரியும்? ஒன்றைத் திறந்தேன். உள்ளே யாரோ ஒருத்தியின் சப்பாத்தி. திருடன் என்று கத்திவிட்டாள். என் முறை போயிற்று. வருகிற புதனையும் விட்டால் ஆபரேஷன் தீபாவளிக்கு அப்புறம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் கவியரசனைக் கூட்டிக்கொண்டு சிவாஜி நகரில் ஒரு பைக்கடைக்குப் போனேன். விற்கிற பெண்ணின் பெயர் ஷோபா.

"லேப்டாப் வைக்கணுமா தாத்தா?"

"வேணாம்மா. நிக்கணும்."

"நல்லா உழைக்கும். ரெண்டு வருஷம் கேரண்டி."

"உழைக்க நான் இருக்கேன். நான் இல்லாதப்ப அது தனியா நிக்கணும். பாக்கறவன் தொடப் பயப்படணும்."

அவள் கவியரசனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்தான்.

சார்ஜர் ஓட்டை வைத்த பை, மழைக்கு நனையாத பை, முதுகுப்பக்கம் ரகசிய ஜிப் வைத்த பை என்று எடுத்துப் போட்டாள். ஒவ்வொன்றையும் தரையில் வைத்தேன். எல்லாம் சோறு தின்றுவிட்டுப் படுக்கிற மாதிரி சாய்ந்தன. கடைசியாகக் கத்தரிக்காய்க் கலரில் ஒன்று. அது நின்றது.

"பாத்தீங்களா?" என்றாள்.

"கடைக்குள்ள யார் வேணா நிப்பாங்க. ஜனம் நடமாடற எடத்துல நிக்கணும்."

அவள் தடுப்பதற்குள் அதை வாசற்படியில் வைத்துவிட்டு, எதிரே கரும்பு ஜூஸ் வண்டியோரம் போய் நின்றுகொண்டேன்.

முதலில் வந்தது எங்கள் தெரு டோரீன். காய்கறிக்கூடையோடு போனவள் பையைப் பார்த்தாள், நின்றாள், கூடையை அதன் பின்னால் வைத்தாள். அடுத்து ஒருவன் ஹெல்மெட்டை வைத்தான்.

"எதுக்கு அக்கா லைனு?"

"தெரியலப்பா. முன்னாடி பை இருக்குதே, சும்மாவா இருக்கும்?"

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பாட்டில், குடை, ஒரு பூசணிக்காய், ஒற்றைச் செருப்பு என்று வரிசை ஜூஸ் வண்டியைத் தாண்டிவிட்டது. ஆதார் திருத்துகிறார்கள் என்றான் ஒருவன். கேஸ் சிலிண்டர் கொடுக்கிறார்கள் என்றான் இன்னொருவன். கத்தரிக்காய்ப் பையை ஒருத்தர் தொடவில்லை. எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. போய் அதன் பக்கத்தில் நின்றேன்.

"யோவ் பெரியவரே, பின்னாடி போ!" என்றான் ஹெல்மெட்காரன்.

"என் பைதான்யா இது."

"உன் பைல கடை டேக் எதுக்குத் தொங்குது?"

"இன்னும் வாங்கல. வாங்கப்போறேன்."

"வாங்காத பைக்கு வரிசைல எடமா?"

டோரீன் இடுப்பில் கை வைத்தாள். "அண்ணே, உங்க பை காக்கி. ஊருக்கே தெரியும். அது வந்திருந்தா நானே வழி விட்டிருப்பேன். இது யாரோடதோ. கடைசில போய் நில்லுங்க."

ஷோபா ஓடிவந்து பையை எடுக்கப் பார்த்தாள். வரிசையே கத்தியது. "யாரும்மா நீ, அடுத்தவங்க முறைல கை வைக்கறது?" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, பாதி விலைக்குத் தரேன். வாங்கிட்டு எடுத்துட்டுப் போயிடுங்க. கஸ்டமர் யாரும் உள்ள வர முடியல."

"நின்னுச்சும்மா, இல்லேங்கல. ஆனா யாருக்காக நிக்குதுன்னு அதுக்கே தெரியலையே. வர்ற புதன்கிழமை அது என்னையே யாருன்னு கேட்டா என்ன பண்றது?"

காக்கிப் பைக்கு அடி தைத்துத் தருகிற ஆள் மார்க்கெட் முனையில் உட்கார்ந்திருப்பான்; அவனிடம் போவதே மேல். கவியரசனைத் தேடினேன். வரிசைக் கடைசியில் தன் கறுப்புப் பையை வைத்துவிட்டு நின்றிருந்தான்.

"வாடா மாப்ள."

"நீங்க போங்க மாமா. ஒருவேளை கேஸ் குடுத்தாங்கன்னா?"

"யாருடா குடுக்கறது? அந்தப் பைய வெச்சதே நான்தான்."

"அது தெரியும் மாமா. ஆனா இவ்ளோ பேர் நிக்கறாங்களே."

நான் நடந்தேன். பாதி விலைக்குத் தருகிறாளாம். முழு விலையில் ஏதோ கோளாறு இல்லாமலா?