டிக்கியில் மூன்று மூட்டை உப்பு

டுவைட் ஹார்லன் தன் மஸ்டாங் காரை இளைக்க வைத்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். தொண்ணூற்றிரண்டாம் வருடத்து வண்டி. சிவப்பு நிறம், சப்பை மூக்கு, எட்டு சிலிண்டர். பந்தயத்தில் வேகம் கூட வேண்டுமென்று, வாங்கிய மாதமே பின்சீட்டைக் கழற்றிக் கொட்டகையில் போட்டான். அடுத்து ஏசி போனது. பிறகு ரேடியோ, ஸ்டெப்னி, காலடி விரிப்பு. எஞ்சினின் இரும்பு மூடியை எடுத்துவிட்டு ஃபைபர் மூடி மாட்டினான். கதவுக்குள் இருந்த தகட்டில்கூடப் பொறுமையாகத் துளை போட்டுக்கொண்டிருந்தான்.

உண்மையில் டாக்டர் இளைக்கச் சொன்னது டுவைட்டைத்தான்.

"அறுபது பவுண்டு குறைக்கச் சொன்னாரே, என்ன ஆச்சு?" என்று அவன் மனைவி நோரீன் கேட்டாள்.

"எப்பவோ குறைச்சாச்சு. கொட்டகையில கெடக்கு, போய்ப் பாரு" என்றான் அவன், பொரித்த இறைச்சி வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஊற்றிக்கொண்டு நின்றவனுடைய இதயம் நின்றுபோனது. கோப்பை உடையவில்லை. நோரீனுக்கு அதுதான் வெகு நாள் ஆச்சரியமாக இருந்தது.

வண்டி அதன் இடத்திலேயே நின்றது. ஓட்டுநர் பக்கத்துப் பின்கண்ணாடியில், அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்காக வெள்ளை ஷூ பாலிஷால் அவன் எழுதிய எண் அப்படியே இருந்தது: 13.42. நான்கை அவன் தலை திறந்தாற்போல எழுதுவான். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தது மாதிரி இருக்கும்.

வசந்தத்தில் டுவைட்டின் தம்பி கர்ட் வந்தான். அந்த எஞ்சினைத் தூக்கி வைத்ததில் பாதி கை அவனுடையது.

"அண்ணி, வண்டிய எனக்குக் குடுத்துடுங்க. வெல என்னன்னு நீங்களே சொல்லுங்க. நிக்க வச்சே சாகடிச்சிடாதீங்க."

"நிக்க வைக்கப்போறேன்னு உனக்கு யாரு சொன்னா? நான் ஓட்டுவேன்."

"கடைக்கா?"

"தடத்துல."

கர்ட் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் வினையானது.

"செப்டம்பர் கடைசி சனிக்கிழமைக்குள்ள ஒரே ஒரு சுத்து ஜெயிச்சுக் காட்டுறேன். இல்லேன்னா வண்டி உனக்கு. போதுமா?"

"போதும்" என்றான் கர்ட். வண்டியைச் சுற்றிவந்து, பின்கண்ணாடியருகே நின்றான். "எங்கிட்ட வந்ததும் மொதல்ல நல்லா கழுவணும் இத."

அன்றிலிருந்து மழை வரும்போலத் தெரிந்தால், நோரீன் சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் தாளைச் சுருளோடு கொண்டுபோய் அந்தக் கண்ணாடியை மூடி ஒட்டிவைப்பாள்.

அவள் ஓட்டுவாள் என்பதில் சந்தேகமில்லை. பள்ளி நூலகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள். பிள்ளைகள் வாயிலிருந்த சூயிங்கத்தை எடுத்து மேசைக்கு அடியில் ஒட்டுவதற்குள் மணிக்கட்டைப் பிடித்துவிடுகிற கை அவளுடையது. விளக்கு மாறியதும் புறப்படுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. மில்பெண்ட் பந்தயத் தடத்தில் அந்தக் கோடை முழுக்க அவளை முந்திப் புறப்பட்டவர்கள் குறைவு. எல்லைக் கோட்டை முதலில் தொட்டதும் பெரும்பாலும் அவள்தான். தோற்றதும் அவள்தான்.

அந்தப் பந்தயத்தின் சட்டம் அப்படி. கால் மைல் நேர்த்தடம், இரண்டிரண்டு வண்டிகள். இத்தனை நொடியில் முடிப்பேன் என்று ஓடுவதற்கு முன்பே கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். மெதுவான வண்டிக்கு, வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். அதனால்தான் காய்கறி வாங்கப் போகிற வண்டியும் சீறிப்பாய்கிற வண்டியும் அங்கே சமமாக மோதிக்கொள்ள முடிகிறது. ஆனால் எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. மெதுவான எண்ணை எழுதிவைத்து ஏமாற்றப் பார்க்கிறவர்களுக்காகப் போட்ட விதி.

நோரீன் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. டுவைட் எழுதிய எண்ணோடு ஓடினாள், அவ்வளவுதான். டுவைட்டின் எண், டுவைட் உட்கார்ந்திருந்த வண்டிக்கானது. அவன் இருந்த இடத்தில் அவனில் பாதியாக இருக்கிற நோரீன் உட்கார்ந்தால் வண்டி பறக்காமல் என்ன செய்யும்?

"எண்ண மாத்துங்க அண்ணி" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னான் கர்ட். "ஒரு நிமிஷ வேல. தொடைச்சுட்டு எழுதுங்க. அப்படி நீங்க ஜெயிச்சா எனக்கும் ஒரு மரியாதையா இருக்கும். நீங்க அண்ணன் நம்பர கட்டிக்கிட்டு தோக்குறதப் பார்த்துட்டு வண்டிய எடுத்துட்டுப் போனா, ஊரே என்னைத் திருடன்னு சொல்லும்."

"திருடன்னு சொல்லாட்டியும் வேற ஏதாவது சொல்லத்தான் போறாங்க. நீ உன் ஹாட் டாக்க சாப்பிடு."

செப்டம்பர் கடைசி வாரம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. எடைதானே குறைகிறது? எடையைத் திரும்ப வைத்துவிட்டால்? வீட்டுத் தண்ணீர் சுத்திகரிக்கும் தொட்டியில் கொட்டுகிற உப்பு, மூட்டை நாற்பது பவுண்டு. டுவைட்டிலிருந்து நோரீனைக் கழித்தால் சரியாக மூன்று மூட்டை வந்தது. கடைக்காரன் வண்டியில் ஏற்றித் தந்தான். ஸ்டெப்னி இருந்த பள்ளத்தில் மூட்டைகளை அடுக்கி, மேலே ஒரு பலகையை வைத்து, ஸ்டெப்னியின் நீளமான போல்ட்டாலேயே முறுக்கி இறுக்கினாள். டிக்கியை மூடியபோது வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. டுவைட் ஏறி உட்கார்ந்தாலும் வண்டி இப்படித்தான் தாழும். நோரீன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை வெயில் இதமாக இருந்தது. தடத்தைச் சுற்றி அறுவடையான சோள வயல்கள். வண்டிகளைச் சோதிப்பவர் ஜட். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். டிக்கியைத் திறந்தவர் ஒரு நிமிடம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, பந்தயம் முடிஞ்சு மாடு மேய்க்கப் போறியா? ஒரு மந்தையே நக்கலாம்போல இருக்கே உப்பு!"

"எடைக்கு, ஜட். அசையாது. இழுத்துப் பாருங்க."

இழுத்தார், குத்தினார், பலகையின் மேல் முழங்கையை ஊன்றிப் பார்த்தார். அசையவில்லை.

"எல்லாரும் வண்டியில இருந்து கழட்டித்தான் பார்த்திருக்கேன். ஏத்துறத இப்பதான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியில் ஒப்புதல் சீட்டை ஒட்டினார். டுவைட்டின் எண்ணில் படாமல், தள்ளி ஒட்டினார்.

முதல் சுற்றில் எதிராளி ஒரு குடும்ப வேன். அதன் சொந்தக்காரன் குழந்தை இருக்கையைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு வந்திருந்தான். வேனுக்கு விளக்கு முதலில் எரிந்தது. அது சாவகாசமாகக் கிளம்பிப் போனது. நோரீன் பச்சைக்கு முன்னால் ஒவ்வொன்றாக எரியும் மஞ்சள் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி மஞ்சளில் கிளட்சிலிருந்து காலை எடுத்தாள்.

வழக்கமாகப் பின் டயர்கள் ஒரு கணம் வீணாகச் சுழன்று, கத்தி, புகைவிட்டுப் பிறகுதான் தரையைப் பிடிக்கும். இந்த முறை சத்தமே இல்லை. வண்டி அப்படியே பாய்ந்தது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வேனை எங்கே கடந்தாள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. கோட்டைத் தாண்டியதும் ஆசையோடு தடத்தோரத்து நேரப் பலகையைப் பார்த்தாள். வெற்றி விளக்கு வேனின் பக்கம் எரிந்தது. அவளுடைய நேரம் 13.31.

திரும்பி வந்து நிறுத்தியபோது கர்ட் ஓடிவந்தான்.

"என்ன அண்ணி பண்ணீங்க? இந்த வண்டி இப்படிக் கெளம்பி நான் பார்த்ததே இல்ல!"

"ஒண்ணும் பண்ணல. எடை ஏத்தினேன். மெதுவா போகணும்னு ஏத்தினேன்."

"எங்க ஏத்துனீங்க?"

நோரீன் டிக்கியைத் திறந்தாள். கர்ட் உள்ளே பார்த்தான். பிறகு பக்கத்து வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பின் டயர் மேலயா? அண்ணி, பனி விழுந்தா என் டிரக்குல பின்னாடி எதுக்கு மணல் மூட்ட போடுறேன்?"

நோரீனுக்கு உறைத்தது. வழுக்காமல் இருக்கத்தான். பத்து வருடமாக நவம்பர் பிறந்ததும், "மூட்ட போட்டியா?" என்று அவனைக் கேட்கிறவளே அவள்தான்.

"டயருக்குப் பிடிமானம் குடுத்துட்டீங்க. அண்ணன் இதுக்காக ரெண்டு வருஷம் புது டயர், புது ஸ்பிரிங்னு என்னென்னமோ மாட்டிப் பார்த்தான். நீங்க உப்புல முடிச்சுட்டீங்க!"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. இன்றுதான் கடைசிச் சனிக்கிழமை.

கர்ட்டும் சிரிப்பை நிறுத்தினான். தரையைக் காலால் கீறினான். "தோத்தவங்க இன்னொரு தடவ பணம் கட்டி ஓடலாம்ல. கட்டிடுங்க. அதுல ஜெயிச்சாலும் எனக்குச் சம்மதம். சுத்து சுத்துதான்."

"நீ வண்டி வேணும்னு சொன்னவன்தானே?"

"வேணும்தான். இப்படி வேணாம்." சட்டைப் பையிலிருந்து ஷூ பாலிஷ் பாட்டிலை எடுத்து வண்டியின் கூரைமேல் வைத்தான். "நான் போய் காபி வாங்கிட்டு வரேன். எனக்கு நேரமாகும்." உணவுக் கடையில் கூட்டமே இல்லை.

நோரீன் பணம் கட்டிவிட்டு வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். எழுத்தைக் காப்பாற்றினால் வண்டி போகும். வண்டி போனால் எழுத்தும் போகும். கர்ட் நல்லவன், ஆனால் கழுவாமல் இருக்க மாட்டான். இந்த எளிய கணக்கு அவளுக்கு மே மாதமே தெரியும். தெரிந்துகொண்டே ஐந்து மாதம் தோற்றிருக்கிறாள்.

தலை திறந்த அந்த நான்கைப் பார்த்தாள். இந்த எண்ணை எழுதிய அன்றும் டுவைட் தோற்றுத்தான் போனான். அவன் ஒருநாளும் பிரேக்கைத் தொட்டதில்லை. கோடு கண்ணில் பட்டதும் எழுதியதெல்லாம் மறந்து மிதித்துவிடுவான். பிறகு மறுபடி புது எண் எழுதுவான். அந்தக் கண்ணாடியில் அவன் எழுதி அழித்த எண்களுக்குக் கணக்கே கிடையாது. துணிகூட எடுக்க மாட்டான். எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்ப்பான். "சீ" என்பாள் இவள்.

நோரீன் கட்டைவிரலை நாக்கில் வைத்தாள். பாலிஷ் காய்ந்து ஓடாகியிருந்தது. இரண்டு அழிய வெகுநேரம் ஆனது. நான்கு அதற்கும் மேல். பதிமூன்றையும் புள்ளியையும் தொடவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. பாட்டிலைத் திறந்து, அவன் எழுத்துக்குப் பக்கத்தில் தன் நூலகக் கையெழுத்தில், உருண்டையாக, 30 என்று எழுதினாள்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் பெயரைக் கூப்பிட்டபோது விரலைத் துடைக்க நேரமில்லை.

இந்தத் தடவை எதிராளி ஒரு நீல நிற டிரக். ஓட்டியவனுக்கு மார்பு வரை தாடி. அவன் பதினைந்து நொடி எழுதியிருந்ததால் வெகு முன்னாலேயே கிளம்பிப் போனான். நோரீனுக்கு மஞ்சள் எரிந்தது. காலை எடுத்தாள். வண்டி கத்தாமல் பாய்ந்தது. டிரக்கின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கோட்டுக்குச் சற்று முன்னால் அவள் கதவும் அவன் கதவும் நேராயின. தாடிக்காரன் திரும்பிப் பார்த்தான். வண்டியில் இன்னும் தெம்பு இருந்தது. மிதித்தால் பறந்துபோய்விடும் என்று உள்ளங்காலுக்கே தெரிந்தது. டுவைட்டாக இருந்தால் மிதித்திருப்பான்.

மூக்கு முந்தியது. நோரீன் பிரேக்கைத் தொட்டாள். பூனையைத் தடவுகிற மாதிரி, லேசாக.

அவள் பக்கத்து விளக்கு எரிந்தது.

அது எரிகிறதைக் கோடை முழுக்க அடுத்தவர் பக்கத்திலேயே பார்த்துப் பழகியதால், ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். நேரச்சீட்டு கொடுக்கும் சாவடியில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "நீங்கதான் நோரீன், நீங்கதான். வழிய விடுங்க" என்றாள்.

அடுத்த சுற்றில் பழைய டாக்ஸி ஒன்றிடம் சுத்தமாகத் தோற்றாள். அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. கர்ட் மூன்று பேருக்கு வாங்குகிற அளவு இறைச்சிக் குழம்பு ஊற்றிய ஹாட் டாக் வாங்கி வந்து வண்டியின் பக்கத்துப் புல்லில் உட்கார்ந்தான். கண்ணாடியைப் பார்த்தான். பாதி அண்ணன் எழுத்து, பாதி அண்ணி எழுத்து. ஒரு ஹாட் டாக்கை முழுவதும் தின்று முடித்தான்.

"ரெண்டு பேர் எழுதின செக்கு மாதிரி இருக்கு. எந்த பேங்க்லயும் மாத்த முடியாது."

"உன்ன மாத்தச் சொல்லலையே."

"சரி, வண்டி உங்களோடது. பேச்சு பேச்சுதான்." எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டான். "அந்த மூட்டைங்கள மட்டும் கழட்டித் தரேன். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் எதுக்கு வீண் பாரம்?"

நோரீன் கட்டைவிரலில் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடம் அவள் ஓட்டும்போதெல்லாம் டுவைட் பக்கத்துச் சீட்டில் இருந்து, "கியர மாத்து, இப்ப மாத்து, அட மாத்துன்னா" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவான்.

"கெடக்கட்டும் விடு" என்று சாவியை எடுத்தாள். "அவன் பின்னாடி உக்காந்து வாயத் தொறக்காம வர்றது இதுதான் மொதத் தடவ."