அம்மணிக்குப் பதிலாகக் கிருஷ்ணன்

காலையில் ஏரிக்குப் போகுமுன் கிருஷ்ணன் செய்கிற முதல் வேலை, பெண்டாட்டி அம்மணியின் கையுறையைத் தன் கையில் மாட்டிக்கொள்வதுதான். அம்மணிக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பேச்சு தெளிந்துவிட்டது, நடையும் ஓரளவு வந்துவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் மடங்கியே கிடந்தன. பிடித்ததைப் போடும் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, பழவேற்காடு ஏரிச் சேற்றைத் துழாவி இறால் பிடித்த விரல்கள் அவை.

பொன்னேரியில் பிசியோதெரபி பார்க்கும் நிவேதா அந்தக் கையுறையைக் கொடுத்திருந்தாள். அதை மாட்டி விரல்களை மடக்கி விரித்தால், அதோடு இணைத்த செல்போன் திரையில் ஓடும் நண்டு பிடிபடும். தினமும் நூறு நண்டு பிடிக்க வேண்டும். எத்தனை பிடித்தார்கள் என்பது நிவேதாவின் போனிலும் தெரியும்.

முதல் நாள் அம்மணி அரை மணி நேரம் போராடி மூன்று பிடித்தாள். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. கிருஷ்ணனுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. போன கை போனதுதான், இனியா வரப்போகிறது என்ற நினைப்பும் உள்ளுக்குள் இருந்தது. அவளைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டுத் தானே மாட்டிக்கொண்டான். ஏரியில் தப்பவிடாத கை திரையில் விடுமா? பத்தே நிமிடத்தில் நூறும் முடிந்தது. அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். கையுறையைத் தன்னிடம் தரச் சொல்லி அம்மணி இரண்டொரு முறை கேட்டுப் பார்த்தாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இருபதாம் நாள் நிவேதா போன் செய்தாள். அம்மணி அம்மா பிரமாதமாகத் தேறிவிட்டார், திங்கட்கிழமை கையுறையை எளாவூரில் காத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மணி தன் விரல்களைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். கிருஷ்ணனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தாம்மா மாட்டினு புட்ச்சேன். அவ கஷ்டப்படறத பார்க்க முடியல" என்றான்.

கை முழுதாகத் திரும்பும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றாள் நிவேதா. ஆனால் வருடங்கள் கழிந்தும் விடாமல் பழகினால் கொஞ்சம் கொஞ்சமாக வரலாம், பழகாமல் விட்டால் இருப்பதும் இறுகிவிடும். கையுறை அங்கேயே இருக்கட்டும், இன்றே மறுபடி ஆரம்பியுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அம்மணி இடது கையால் கையுறையை எடுத்து, வலது கையில் விரல் விரலாக நுழைக்கத் தொடங்கினாள். கிருஷ்ணன் உதவப் போனான். அவள் தடுத்தாள்.

"பாசத்துலதான் செஞ்ச, இல்லன்னு சொல்லல. ஆனா நோவு வந்தவங்களுக்குப் பதிலா நாமளே செய்றது ஒத்தாச இல்லய்யா. அவங்க மெதுவா செய்ற வரைக்கும் பக்கத்துல குந்தினு இருக்கறதுதான் ஒத்தாச. நீ செஞ்சா உன் கைதான்யா தேறும்."