அறுபது கிலோவும் கொஞ்சமும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வேட்டி மறைப்புக்குப் பின்னால் கிடைத்தது. ஒரத்தநாடு பக்கம், பொங்கலுக்கு நடந்த அறுபது கிலோ கபடிப் போட்டி. ஆடுகிறவர் யாரும் அறுபதைத் தாண்டக் கூடாது. நெல் மூட்டை நிறுக்கிற தராசைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஜட்டியின் கனம்கூட வேண்டாமென்று பரிதி அதையும் கழற்றிவிட்டு ஏறினான். வேட்டியின் ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள். [எழுத்தாளனுக்கு அதையாவது பிடிக்கத் தெரியும் என்று நினைத்திருக்கலாம்.]

தராசு அறுபதரை காட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காற்றைக் கிழித்துக்கொண்டு பாயும் வேங்கையென…’

சகிக்கவில்லை. பரிதி வெல்டிங் பட்டறைக்காரன். கபடியில் ரெய்டு போகிறவன். காலையில் ஒரு டீ, ஒரு சிகரெட், பசி செத்துவிடும். அந்த டீமில் பாதிப் பேர் எடையை இப்படித்தான் கட்டிக் காத்தார்கள். மனைவி தமிழ்நிலா உண்டானபோது அந்த வாடையே அவளுக்குக் குமட்டியது. ஆடி மாதம் விட்டான். பசி திரும்பி வந்தது. [உடம்பு எரிக்கிற வேகமும் சற்று மட்டுப்படுமாம். தெரிந்த டாக்டர் சொன்னார். கதைக்கு இவ்வளவு விஞ்ஞானம் போதும்.]

“கல்யாணமாயி ரெண்டு வருசம் சார். அது வைக்கிற கெளுத்தி மீன் கொழம்பு என்னா ருசின்னு இப்பத்தான் தெரியுது.”

இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

3

அறுபத்தைந்து கிலோ டீமில் அவனுக்கு இடமில்லை. இன்று வெளியே போனால் ஊர் டீமை விட்டே போன மாதிரி. அரை மணி நேரம் கொடுத்தார்கள். அறுப்பு முடிந்த வயலைச் சுற்றிச் சுற்றி ஓடினான். ஏறிப் பார்த்தால் இன்னும் கால் கிலோ மிச்சம். கேப்டன் மருதையன் ஒரு சிகரெட்டை நீட்டினார்.

“ஒண்ணே ஒண்ணு இழுடா. வயித்தக் கலக்கும். வாய்க்காப் பக்கம் போயிட்டு வா, கால் கிலோ எறங்கிடும்.”

“வேணாம்ண்ணே.”

“ஊரே ஒன்ன நம்பி வந்துருக்குடா. ஒண்ணுல என்ன ஆயிடப் போவுது?”

“அந்த ஒண்ணுதாண்ணே எனக்கு ஆவாது. திரும்பப் புடிச்சிக்கும். எடை எறங்கலன்னா மாத்து ஆளு சதீஷ எறக்குங்க.”

இவ்வளவு நல்லவனை வாசகர் நம்புவாரா? எனக்கே சந்தேகம். இரண்டாம் பிரதியில் அவனை இழுக்க வைத்தேன். புகை, குற்ற உணர்ச்சி, வாய்க்கால் கரை… நன்றாகவே வந்தது. கிழித்துப் போட்டேன். ஏனென்றால் நான் பார்த்தது வேறு. சிகரெட் மருதையனின் சட்டைப்பைக்குத் திரும்பும்வரை பரிதியின் கண் அதை விடவில்லை. அவ்வளவு ஆசை. ஆசையில்லாதவன் மறுத்தால் அதில் என்ன இருக்கிறது? அப்படியே திரும்பி மறுபடி ஓடினான். அவன்மீது எனக்கு மரியாதை பிறந்தது அப்போதுதான். இன்றுவரை குறையவில்லை.

4

கடைசித் தடவையாக ஏறி நிற்கிறான். வேட்டி முனை என் கையில். எண்கள் ஓடுகின்றன.

என்ன நின்றது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். உள்ளே போனான் என்றால், நல்லவனுக்கு நல்லது நடந்தது என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். வெளியே என்றால் ஐயோ பாவம் என்பீர்கள். இந்த இரண்டில் எதற்காகவும் அவன் சிகரெட்டை மறுக்கவில்லை.

தமிழ்நிலாவுக்கு இது எட்டாம் மாதம். பரிதியின் எடையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அறுபது என்று தாராளமாக எழுதினாலும் எனக்குச் சம்மதம். அவன் கையில் சிகரெட்டை மட்டும் வைத்துவிடாதீர்கள்.