ரத்தத்தில் மிச்சமிருந்தது

நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவளை வகுப்பில் எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. அன்று வார்டில் ஒரு லாரி டிரைவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஊசியைப் பெட்டியில் போடத் திரும்பினாள். அந்த ஆள் இருமிக் கையை உதற, ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது. கையுறைக்குள் சிவப்பாக ஒரு பொட்டு பரவியது.

டிரைவருக்கு ஹெபடைடிஸ் பி. ஈரலைத் தின்னும் கிருமி. அது அவளுக்குத் தெரியும்.

"ஐயோ, என்னாலயாம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே, நீங்க படுங்க."

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினாள். பயம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. யாருடைய விரலையோ கழுவுவது போல இருந்தது.

தலைமை நர்ஸ் அவளைக் கையோடு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார். சோதித்துப் பார்த்ததில் எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது.

"கைக்குழந்தையிலயே எல்லா ஊசியும் போட்டாச்சுன்னு அம்மா சொல்வாங்களே மேடம்?"

"போட்டது வீண் போகலம்மா. வயசு ஏற ஏற நிறையப் பேருக்கு ரத்தத்துல அளவு இறங்கிடும். உடம்புக்குக் கிருமியோட ஞாபகம் அனேகமா இருக்கும். ஆனா அனேகமான்னு சொல்லி உன்னை அனுப்ப முடியுமா?"

உடனடிக் காப்புக்கு ஓர் ஊசியும், தடுப்பூசி இன்னொரு முறையும் போட்டார்கள். இரண்டும் வலிக்கவில்லை.

விடுதிக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"ஒண்ணுகூட விடலடி நான். கடைசி ஊசிக்கு உனக்குக் காய்ச்சல்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மறுவாரம் மறுபடி தூக்கிட்டு அலைஞ்சேன். எங்கடி தப்புப் பண்ணேன்?"

"தப்பே இல்லம்மா. நாளாயிடுச்சு, அவ்வளவுதான்."

அம்மா அழுதாள். இவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சீருடையை மடித்தாள்.

கல்லூரி விழித்துக்கொண்டது. வகுப்பு முழுவதையும் சோதித்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அளவு குறைவு. அவர்களுக்கும் மறுபடி தடுப்பூசி போட்டார்கள்.

"உன்னாலதான்டி எங்களுக்கெல்லாம் கை வீங்கிக் கிடக்கு," என்றாள் அறைத்தோழி. அறையே சிரித்தது. இவளும் பல்லைக் காட்டினாள். சாப்பிட்டாள், படித்தாள், தேர்வெழுதினாள். எதிலும் உப்பு உறைப்பு இல்லை.

அரை வருடம் கழித்துக் கடைசிப் பரிசோதனை.

"கிருமி ஒட்டல. எதிர்ப்புச் சக்தி எக்கச்சக்கமா ஏறியிருக்கு. உடம்பு மறக்கலன்னுதான் தோணுது," என்றார் டாக்டரம்மா.

"சரி மேடம்."

"சந்தோஷமா இல்லையா?"

"தெரியல மேடம்."

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வைத்தார். "வார்டுக்கு நான் சொல்லிக்கறேன். இன்னைக்குப் போய்ப் படு."

படுக்கவில்லை. வராந்தாவில் நின்று அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்டி."

அப்புறம் இருவரும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.