இன்னும் ஒரு வாடா

கண்ணாடி முன் நின்று அமலராணி மூன்று விரல்களைச் சேர்த்து வாய்க்குள் நுழைத்துப் பார்த்தாள். கொஞ்சம் வலித்தது, ஆனால் நுழைந்தது. மூன்று விரல் நுழைந்தால் எதையும் கடித்துச் சாப்பிடலாம் என்று புதுச்சேரி டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தும் அவள் இன்னும் குழைந்த சோற்றைத்தான், அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழையில் கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போனபோது, குறுக்கே வந்த ஆட்டுக்கு ஒதுங்கி, மதகுக் கட்டையில் மோவாய் மோத விழுந்தாள். தாடை எலும்பு உடைந்துவிட்டது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் கஞ்சியும் பாலும் உறிஞ்சிக் கிடந்தாள். கம்பியை எடுத்தபோது எலும்பு கூடியிருந்தது. இடப்பக்கத்துக் கீழுதடு மட்டும் மரத்தே கிடந்தது. கிறிஸ்மஸ் அன்று அண்ணன் யாகப்பன் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டாள். அந்த உதட்டோரமாகச் சோறு வழிந்து மடியில் விழுவது அவளுக்குத் தெரியவே இல்லை. எதிரே இருந்த அண்ணியின் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டபோதுதான் குனிந்து பார்த்தாள். அன்றோடு பிறர் முன்னால் சாப்பிடுவது நின்றது. பேச்சும் பாதியாகக் குறைந்தது.

பேசுவதுதான் அவள் பிழைப்பு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர், வெளிநாட்டு ட்ரங்க் கால்களை இணைத்துக் கொடுக்கும் ஆபரேட்டர். பொங்கல் கழிந்து திரும்ப வேலையில் சேர வேண்டும். "பேச்சு சரியா வரலேன்னா ரெக்கார்டு ரூம்ல உக்காந்துக்கலாம்மா, கவலைப்படாதீங்க" என்று சூப்பர்வைசர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த நல்ல எண்ணத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எண்பத்து நான்காம் வருஷத்துப் பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அது. காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தவளைத் தேடிப் பள்ளித் தோழிகள் இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். மங்கையர்க்கரசி வேளாண்மை அலுவலகத்தில் டைப்பிஸ்ட், முட்டைகூடச் சேர்க்காத சைவ வீட்டுப் பெண். சுலைஹா வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்தியிருந்தாள். புருஷன் சவூதியில் இருப்பதால் கடைகண்ணி எல்லாம் அவள் பொறுப்புதான்.

"கெளம்புடி, சந்தைக்குப் போறோம்" என்றாள் மங்கை.

"நான் வரல."

"வர்றியான்னு கேக்கலயே. போறோம்னு சொன்னேன்."

சந்தையில் கால் வைக்க இடமில்லை. மஞ்சள் கொத்துகளின் பச்சை வாசமும் கருவாட்டு வாசமும் ஒன்றையொன்று விடாமல் துரத்தின. பிரான்சிலிருந்து லீவுக்கு வந்திருந்த குடும்பம் ஒன்று மண்பானைகளைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. தோழிகள் இருவரும் எதையும் விடவில்லை. அவித்த பனங்கிழங்கை நார் உரித்துத் தின்றார்கள். இலந்தைப்பழத்தை வாயில் போட்டுக் கொட்டையைத் துப்பினார்கள். மிளகாய்ப்பொடி தடவிய கொய்யாத் துண்டுக்குக் கண்ணில் நீர் வர "உஸ்" என்றார்கள். ஒவ்வொன்றையும் அமலராணியிடம் நீட்டினார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். எச்சில் மட்டும் ஊறிக்கொண்டே இருந்தது. பசிக்கிறது என்பதே அவளுக்கு ஒரு புது விஷயமாக இருந்தது.

பள்ளிவாசல் தெரு முனையில் மாலிம் நானாவின் வாடாக் கடை. சுலைஹா நேராக அங்கேதான் கூட்டிப்போனாள். அரிசி மாவில் தேங்காயும் வெங்காயமும் பிசைந்து, வட்டமாகத் தட்டி, மேலே இறாலைப் பதித்து நானா எண்ணெயில் விட்டுக்கொண்டிருந்தார். இறால் சிவந்து சுருண்டு, ஓரம் மொறுமொறுவென்று கருக ஆரம்பிக்கும்போது எடுத்தார்.

"நானா, ரெண்டு தாங்க. எறா இல்லாம ஒன்னு தாங்க" என்றாள் சுலைஹா.

"அதே எண்ணெய்தானேடி?" என்றாள் அமலராணி மெதுவாக.

மங்கை தன் வாடாவை வாங்கிக்கொண்டாள். "எண்ணெய நான் பாக்கல. நீயும் பாக்காத" என்று சொல்லி நடுத்தெருவில் நின்றபடியே ஒரு கடி கடித்தாள். சூடு தாங்காமல் வாயைப் பிளந்து ஊதினாள். மாவுத்தூள் மோவாயிலும் சேலையிலும் உதிர்ந்தது.

சுலைஹா இன்னொன்றை அமலராணியின் கையில் வைத்தாள். "கடி புள்ள."

"விழும் சுலைஹா. எனக்குத் தெரியாது."

"விழட்டும். கீழ காக்கா நிக்கிது, அதுக்கும் பசிக்கும்ல."

அமலராணி சுற்றிலும் பார்த்தாள். கடையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஊதிக்கொண்டும் உதிர்த்துக்கொண்டும் தின்றார்கள். ஒருவர் தாடியில் வெங்காயம் தொங்கியது. பக்கத்தில் மங்கைக்கு மூக்கு நுனியில் மாவு. யாரும் யாரையும் பார்க்கவில்லை. வாடாவைத்தான் பார்த்தார்கள். முந்தானையைக் கையிலிருந்து விட்டுவிட்டு வாயைத் திறந்தாள். காதோரம் தாடை 'டக்'கென்றது. உயிர் போய்விட்டது போலிருந்தது. நிறுத்தவில்லை. கடித்தாள்.

நொறுங்கிய சத்தம் மண்டைக்குள் முழுதும் கேட்டது. கடைவாயில் வைத்து அரைத்தாள். இறாலின் ஓடு முறிந்தது, இனிப்பு இறங்கியது, அதன் பின்னால் பச்சைமிளகாய். இடப்பக்கமாக ஏதோ விழுந்திருக்க வேண்டும், காகம் ஒன்று காலடிக்குத் தாவி வந்து கொத்திப் பறந்தது. அமலராணிக்குச் சிரிப்பு வந்தது. வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரித்தாள். சுலைஹா துப்பட்டி நுனியால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகை" என்றாள்.

மீதியையும் தின்று முடித்து, கூட்டத்துக்கு மேலாக அமலராணி குரல் கொடுத்தாள். "நானா, இன்னும் ஒன்னு தாங்க! நல்லா மொறுவலா!"

நானாவின் கரண்டி நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக் கொரலு எனக்குத் தெரியுமே! 'லைன்ல இருங்க, பாரிஸ் வருது'ன்னு சொல்ற புள்ளயா நீ?"

அமலராணி உதட்டோரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"எம் மவன் அங்கதான் இருக்கான். அங்கேருந்து இங்க மளிகைக் கடை போனுக்குப் பேசுவான். ரெண்டு மாசமா வேற யாரோ பேசுறாங்க. 'அந்தப் புள்ள எங்க வாப்பா'ன்னு அவனே கேட்டான்."

"நான்தான் நானா." குரல் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. "பொங்கல் கழிச்சு வந்துருவேன். ஒங்க மவன்கிட்ட சொல்லுங்க."

நானா அடுத்த வாடாவில் இறாலைக் கை நிறைய அள்ளிப் பதித்தார்.

திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. சந்தை வாசலில் கரும்புக் கட்டுகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அமலராணி நின்று, கருத்த கரும்பாக ஒன்றைத் தோகையோடு உருவி எடுத்தாள்.

"அடியே, கரும்பா! தாடைடி!" என்று மங்கை அலறினாள்.

"மொதல்ல தூக்கிட்டுப் போவோம்."

கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். "கரும்பு வருது, ஒதுங்குங்க! ஒதுங்குங்க!" கூட்டம் திரும்பிப் பார்த்து வழிவிட்டது. எண்ணெய்க் கையைச் சேலையில் படாமல் உயர்த்திப் பிடித்தபடி மங்கையும், துப்பட்டி காற்றில் உப்பச் சுலைஹாவும் பின்னால் ஓட, தலைகளுக்கெல்லாம் மேலே பச்சைத் தோகை மட்டும் கடைகளின் சாக்குப் பந்தல்களைச் சரசரவென்று உரசிக்கொண்டே போயிற்று.